ஒட்டுப் போட்ட பேச்சு

ஒரே வீட்டுக்கு ஆறாவது முறையாக மாடி ஏறும்போது, தனக்கு எரிச்சல் காது மிஷின் மீதா, அதைச் செய்த கம்பெனி மீதா, அதை மாட்டிக்கொண்டிருக்கும் நாச்சிமுத்து மீதா என்று சுகந்திக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. சிங்காநல்லூரில் அந்தக் குடியிருப்பின் மூன்றாவது மாடி. லிஃப்டில் 'பழுது' என்று எழுதி ஒட்டிய தாள் போன மாதமே மஞ்சளாகியிருந்தது. தோளில் லேப்டாப், கையில் கருவிப் பை, வைக்க இடமில்லாமல் முழங்கையில் மாட்டிய ஹெல்மெட். ஒரே புகாருக்கு மாதத்தில் ஆறு தடவை போனால், பழுது பார்ப்பவர் பெயருக்கு எதிரே கம்பெனியின் பட்டியலில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். அவள் பெயருக்கு எதிரே ஏற்கெனவே ஒன்று இருந்தது.

நாச்சிமுத்து நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்தவர். நூல் சுற்றும் கதிர்களின் இரைச்சலில், ஓய்வு பெறுவதற்குள் இரண்டு காதும் முக்கால்வாசி போய்விட்டன. மனைவி இறந்து நாலு வருடம். ஒரே மகள் மிதுலாவை ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்தார். போன வருடம் அவள் வாங்கி அனுப்பிய புது மாதிரி மிஷின்தான் இப்போது அவர் காதுகளில் இருந்தது. போனில் வரும் பேச்சும் டிவியின் சத்தமும் கம்பி இல்லாமல் நேராகக் காதுக்குள் வந்துவிடும். காதின் பின்னால் மிளகு அளவில் ஒரு பொத்தான். ஒரு முறை அழுத்தினால் டிவி, மறுமுறை அழுத்தினால் எதிரில் இருப்பவர் பேச்சு. அழுத்தாமலே ஆளின் தேவை அறிந்து தானாக மாறிக்கொள்ளும் மூளை அதற்கு இருப்பதாகக் கம்பெனி விளம்பரம் செய்தது. அந்த மூளைதான் ஒரு மாதமாகச் சுகந்தியின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்காச்சும் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க அம்மிணி" என்றார் நாச்சிமுத்து, கதவைத் திறந்துகொண்டே. "அவ வாயத் தொறந்தாப் போதும், செய்தி வாசிக்கறவன் வந்துர்றான்."

ஆறு முறையும் புகார் இது ஒன்றுதான். மகள் ஐந்து வாரமாக வீட்டில் இருக்கிறாள். அவள் எதிரே உட்கார்ந்து பேசத் தொடங்கினால் மிஷின் டிவிக்குப் போய்விடுகிறது. வேறு யார் பேசினாலும் போவதில்லை.

முதல் முறை வந்தபோது சுகந்தி கம்பெனியின் புத்தகத்தில் இருந்தபடியே எல்லாவற்றையும் அணைத்து, முப்பது விநாடி காத்திருந்து, போட்டுக் கொடுத்தாள். இரண்டாம் முறை மிஷின், போன், டிவி மூன்றுக்கும் இருந்த தொடர்பை அடியோடு அழித்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தாள். அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. ஏனென்றால் டிவி தன் பங்குக்கு ஒரு புது மென்பொருளை இறக்கிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை டிவியின் முதுகில் ஒட்டியிருந்த சின்ன ஒலிப்பெட்டியைப் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தாள். நாலாம் முறைதான் ஒரு துப்புக் கிடைத்த மாதிரி இருந்தது. மேல் வீட்டிலும் இதே கம்பெனி டிவி, அதற்கும் இதே பெயர். நாச்சிமுத்துவின் காது இரண்டு தடவை மேல் வீட்டுத் தொடரைக் கேட்டிருக்கிறது. சுகந்தி மாடி ஏறிப்போய், சந்தேகத்தோடு பார்த்த அந்த வீட்டு அம்மாளைச் சமாதானம் செய்து, அவர்கள் டிவிக்கு வேறு பெயர் வைத்துவிட்டு வந்தாள். இரண்டே நாளில் மறுபடி புகார். ஐந்தாம் முறை இரண்டு காதுக்கும் புது மிஷினே மாட்டினாள்.

இன்று மிதுலாவை எதிரே உட்கார வைத்துச் சோதித்துப் பார்க்க முடிவு செய்திருந்தாள். மிதுலாவுக்கு முப்பத்தொரு வயது இருக்கும். சோர்ந்த முகம், ஆனால் பார்வை கூர்மையாக இருந்தது. என்ன பேச வேண்டும் என்று கேட்டாள். எதுவானாலும் சரி, ஒன்று முதல் எண்ணுங்கள் என்றாள் சுகந்தி. மிதுலா இருபதுவரை எண்ணினாள். நாச்சிமுத்து ஒவ்வொரு எண்ணுக்கும் தலையாட்டினார். ஒரு கோளாறும் இல்லை.

"எண்ணினா வராதுங்க. பேசினாத்தான் வரும்" என்றார் அவர்.

மிதுலா அப்பாவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, தான் வந்து ஐந்து வாரம் ஆகிறது, இன்னும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று தொடங்கினாள். அதற்குள் நாச்சிமுத்து காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தார். "பாருங்க, வந்துருச்சு" என்றார். டிவியில் வெங்காய விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிதுலா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

சுகந்தி ஐந்து நிமிடம் லேப்டாப்பை முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, தண்ணீர் கேட்கும் சாக்கில் அவள் பின்னால் போனாள். மிதுலா டீக்குப் பால் வைத்திருந்தாள்.

"நீங்க திரும்பத் திரும்ப வந்து அலையறீங்க, பாவமா இருக்குதுக்கா" என்றாள் அவள். "அவருக்குக் காது கேக்காதது பிரச்சினை இல்லைங்க. கேட்டாலும் அப்படித்தான் இருப்பாரு."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கணவன் வேலைக்குப் போகும்போது அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகத் தொடங்கியது சித்திரையில். ஆடிப் பெருக்குக்கு மறுநாள் முதல்முறையாக அப்பாவைக் கூப்பிட்டு, நடந்ததையெல்லாம் சொல்லி, வந்து அழைத்துப் போகச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'சரி கண்ணு, ஒடம்பப் பாத்துக்க' என்று வைத்துவிட்டார். ஒன்பது நாளில் நாலு முறை கூப்பிட்டாள். நாலு முறையும் அதே பதில். கடைசியில் கூட வேலை பார்த்த ஒருத்தி வந்து பூட்டை உடைக்க வைத்து, பஸ் ஏற்றிவிட்டாள். வந்து கதவைத் தட்டியபோது அப்பா பையை வாங்கி உள்ளே வைத்தார். ஏன் வந்தாய் என்று இதுவரை கேட்கவில்லை.

"திட்டியிருந்தாக்கூடப் பரவால்லைங்க" என்றாள். "நான் அழுதுட்டு இருக்கேன், ஒடம்பப் பாத்துக்கன்னு சொல்றாரு. மாத்திரை போட்டுட்டேன்னு வேற சொன்னாரு. நான் மாத்திரையைப் பத்திக் கேக்கவே இல்ல."

சுகந்தி டம்ளரைக் கீழே வைத்தாள். கடைசி வாக்கியத்தில்தான் அவள் மனம் நின்றது. போனில் பேசியபோது அவர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்டாள். எப்போதும் ஓடும் என்றாள் மிதுலா.

"நான் ஒண்ணு சொல்றேன், முழுசாக் கேளுங்க. போன்லருந்து காதுக்கு வர்ற வழியில சத்தம் அப்பப்போ அறுந்து போகும். பக்கத்துல டிவி பெட்டி ஓடுனா இன்னும் அதிகமா அறுகும். முன்னால அந்த எடத்துல கரகரன்னு கேக்கும். எல்லாரும் திட்டுனாங்க. அதனால இப்ப, அறுந்த எடத்துல என்ன வந்திருக்கும்னு மிஷினே ஊகிச்சு, பேசறவங்க குரல்லயே சேத்துருது. நாங்க அதுக்கு ஒட்டுன்னு பேர் வெச்சிருக்கோம்."

"எவ்வளவு சேக்கும்? ஒரு வார்த்தையா?"

"மொதல்ல அரை வார்த்தைதான். அப்புறம் ஒரு வார்த்தை. மார்க் போடச் சொன்னப்போ பெரியவங்க எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு போட்டாங்க, இப்பத்தான் எல்லாரும் தெளிவாப் பேசறாங்கன்னு. அதனால போன வருஷத்துலருந்து முழு வாக்கியமே போடுது."

"நான் என்ன சொல்ல வர்றேன்னு அதுக்கு எப்படிக்கா தெரியும்?"

"இதுக்கு முன்னால நீங்க என்ன சொல்லியிருக்கீங்களோ, அதை வெச்சுத்தான்."

பால் பொங்கி வழிந்தது. மிதுலா அடுப்பை அணைத்தாள். துணியை எடுத்துத் துடைக்கவில்லை.

"கல்யாணம் ஆனதுலருந்து நான் நல்லா இருக்கேன்னு மட்டுந்தான் அக்கா சொல்லியிருக்கேன்" என்றாள்.

அழைப்புகளைத் திறந்து பார்க்க மிஷின் போட்டிருப்பவரின் கைநாட்டு வேண்டும். போனுக்கு வந்து சேர்ந்தது ஒன்று, காதுக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்று என்று இரண்டையும் மிஷின் தன் படிப்புக்காகக் கம்பெனியின் கணினியில் மூன்று மாதம் வைத்திருக்கும்; மிஷினை மாற்றினாலும் அழியாது. சுகந்தி நாச்சிமுத்துவிடம் ஒளிக்காமல் சொன்னாள். பழைய அழைப்புகளைக் கேட்க வேண்டும், மகள் பேசியதும் அதில் வரும், சம்மதமா என்றாள். டிவி கோளாறுக்குப் போனை ஏன் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்றாள். அவர் மகளைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், வெகு நேரம் கழித்துக் கட்டை விரலை நீட்டினார்.

மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். முதலில் போனுக்கு வந்ததைப் போட்டாள் சுகந்தி. மிதுலாவின் குரல், அழுகை, பூட்டு, பசி, வந்து கூட்டிப் போங்கள் என்ற கெஞ்சல். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அதன்பின், அதே அழைப்பில் நாச்சிமுத்துவின் காதுக்குள் போனதைப் போட்டாள். அதுவும் மிதுலாவின் குரல்தான். அழுகையின் கரகரப்புகூட இல்லாத, தெளிவான குரல்.

"அப்பா, நான் நல்லா இருக்கேன். அவரும் நல்லா இருக்காரு. இங்க மழைங்க. நீங்க மாத்திரை போட்டீங்களா? கரெக்டாப் போடுங்க. ஆடி கழிஞ்சு ஒரு நாள் வர்றோம்."

காதுக்குப் போன அந்த இரண்டு நிமிடம் நாற்பது விநாடியில் கால்வாசிகூட அவள் உண்மையில் பேசியது அல்ல. மிச்சமெல்லாம் ஒட்டு. மிதுலா தன் குரலையே அந்நியர் குரலைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுகந்தி இரண்டாவது அழைப்பையும் போட்டாள். அதுவும் அப்படியே. மூன்றாவதைத் தொடங்கும்போது மிதுலா போதும் என்று கையைக் காட்டினாள்.

நாச்சிமுத்து இரண்டு மிஷினையும் கழற்றித் துண்டில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "எனக்கு இது தெரியாது கண்ணு" என்றார். மிதுலா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஐந்து வாரம் சுமந்த ஒன்றை இறக்கி வைத்தது போல அந்த அழுகை இருந்தது. அப்பா கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் வந்திருப்பார் என்று சுகந்தியிடம் இரண்டு முறை சொன்னாள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று வற்புறுத்தினாள். சுகந்தி ஒட்டை முழுவதுமாக நிறுத்திவிட்டு, இனி சத்தம் அறுந்தால் அறுந்தபடியே கேட்கும் என்று அவருக்கு விளக்கினாள். டிவி விஷயத்தை அந்த நேரத்தில் யாரும் நினைக்கவில்லை.

அன்று மதியம் முழுக்கச் சுகந்தி கம்பெனிக்கு எழுதினாள். நாட்டில் ஒன்பது லட்சம் பேர் காதில் இந்த மிஷின் இருக்கிறது. அத்தனை பேர் வீட்டிலும் பிள்ளைகள் என்ன சொன்னார்கள், இவர்களுக்கு என்ன கேட்டது என்று நினைத்து நினைத்து, எழுதியதை அழித்து மறுபடி எழுதினாள். தன் மாமனாருக்குக்கூட இதே மிஷினைத்தான் சிபாரிசு செய்திருந்தாள். முழு வாக்கிய ஒட்டை எல்லோருக்கும் உடனே நிறுத்த வேண்டும் என்று கேட்டு, மிதுலாவின் நாலு அழைப்புகளையும் ஆதாரமாக இணைத்து அனுப்பினாள். நாலாவதை அவள் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மேலதிகாரி கிருபாகரன் கூப்பிட்டார். அவள் பீளமேட்டில் இன்னொரு வீட்டில், டிவியோடு சேர மறுக்கும் இன்னொரு மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவர் குரலில் கோபம் இல்லை, அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை. கடிதத்தை மேலிடத்தில் படித்துவிட்டார்கள் என்றார். அப்புறம் கேட்டார்:

"நாலாவது அழைப்பைக் கேட்டீங்களா சுகந்தி? அதுல ஒட்டே இல்ல. அந்தப் பொண்ணு பேசினது அப்படியே அவர் காதுக்குப் போயிருக்கு. அப்பவும் அந்த ஆள் அதையேதான் சொல்லியிருக்காரு. அப்புறம் மிஷின் மேல ஏன் பழி போடறீங்க?"

புகாரை மூடப் போவதாகவும் அவளே திரும்பப் பெற்றால் சிவப்புப் புள்ளி விழாமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

சுகந்தி தெருவுக்கு வந்து, ஒரு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, அதன் மேலேயே லேப்டாப்பை விரித்தாள். நாலாவது அழைப்பு நடந்த நேரத்தில் டிவியின் ஒலிப்பெட்டி அணைந்திருந்தது. சிங்காநல்லூரில் அன்று கரண்ட் இல்லை. டிவி ஓடாததால் போனுக்கும் காதுக்கும் நடுவில் குறுக்கே எதுவும் வரவில்லை. ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி. ஓர் எழுத்துகூட அறுபடவில்லை. முடிவில் சில விநாடி மௌனம். பிறகு நாச்சிமுத்துவின் குரல்: "சரி கண்ணு, ஒடம்பப் பாத்துக்க."

அவள் அங்கேயே இன்னொரு பட்டியலையும் திறந்தாள். ஐந்து வாரத்தில் மிஷின் டிவிக்கு மாறியது நாற்பத்தொரு தடவை. தானாக மாறியது இரண்டே தடவை, மேல் வீட்டு டிவியால். மிச்சம் முப்பத்தொன்பதும் பொத்தானை அழுத்தி மாற்றியவை. இதை முதல் நாளே பார்த்திருக்கலாம். மிஷினைப் பற்றிப் புகார் சொல்பவரே அந்தப் பொத்தானை அழுத்துவார் என்று யார்தான் நினைப்பார்கள். அவள் ஆறு முறை ஏறிய மாடிப்படி, மேல் வீட்டு அம்மாள், மாற்றிய புது மிஷின்கள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்து, அவளுக்கு யாரையாவது பிடித்துக் கத்த வேண்டும் போல இருந்தது.

ஏழாவது முறையாகப் படி ஏறினாள்.

மிதுலா வீட்டில் இல்லை. தோழியோடு வக்கீலைப் பார்க்கப் போயிருந்தாள். நாச்சிமுத்து தனியாக உட்கார்ந்திருந்தார். டிவி அணைந்திருந்தது. சுகந்தி பையைக் கீழே வைக்காமலே, நாற்பத்தொரு தடவையில் முப்பத்தொன்பது தடவை அழுத்தியது யார் என்று கேட்டாள்.

அவர் மறுக்கவில்லை. உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"கரண்ட் இல்லாத அன்னைக்கு அவ கூப்பிட்டப்போ எல்லாம் கேட்டுதுங்க" என்றார் நாச்சிமுத்து. "நேத்து நீங்க போட்டுக் காட்டுன மத்ததெல்லாம் சத்தியமா எனக்குத் தெரியாது. அந்த ஒண்ணு தெரியும். நான் பாத்து வெச்ச மாப்பிள்ளைங்க அவரு. அவ யோசிக்கணும்னு சொன்னா. நான்தான் தங்கமான பையன்னு சொல்லிக் கட்டி வெச்சேன். திடீர்னு இப்படிச் சொல்றா. எனக்கு வாய் வரல. வழக்கமா என்ன சொல்லுவனோ அது வந்துருச்சு. மறுபடி கூப்பிடுவா, அதுக்குள்ள யோசிச்சு வெச்சுக்கலாம்னு இருந்தேன். அவ கூப்பிடல. வந்தே நின்னுட்டா."

அதன் பிறகு அவள் எதிரே வந்து உட்காரும்போதெல்லாம் அந்த அழைப்பைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று பயம். கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. மிஷின் மேல் சாக்குச் சொன்னார். சாக்கு நிஜமாகத் தெரிய வேண்டும் என்று புகாரும் கொடுத்தார். சுகந்தி ஒவ்வொரு முறையும் இவ்வளவு சிரத்தையாகப் பார்ப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"மிஷின் பண்ணுச்சுன்னே இருக்கட்டும் அம்மிணி" என்றார் கடைசியில். "நேத்துத்தான் அவ என்கூட ஒக்காந்து சோறு தின்னா."

சுகந்தி இப்போதுதான் உட்கார்ந்தாள். அவரைப் பார்க்க அவளுக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது, இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கம்பெனி சொன்னதைச் சொன்னாள். மூன்று அழைப்பில் மிஷின் செய்தது பெரிய தப்பு, அதை விடப் போவதில்லை என்றாள். ஆனால் நாலாவதை மறைத்தால் அவர்கள் அதையே காட்டி மற்ற மூன்றையும் தள்ளிவிடுவார்கள். நாலாவதில் என்ன நடந்தது என்று கேட்டவரும் பேசியவரும் கையெழுத்துப் போட்டால்தான் மற்றவை நிற்கும். பேசியவர் மிதுலா.

"நான் அவங்ககிட்டச் சொல்ல மாட்டேங்க" என்றாள். "நீங்க சொல்றதா இருந்தா நான் கையெழுத்து வாங்கிட்டுப் போறேன். இல்லைன்னா புகாரைத் திரும்ப வாங்கிட்டு, இந்த வீட்டுப் படி ஏறாமப் போயிர்றேன். எனக்கு முடியல."

சுவரில் மனைவியின் படம் இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே குக்கர் விசில் ஏதோ ஒரு வீட்டில் மூன்று முறை அடித்தது. சுகந்தி எழுந்து பையை மாட்டிக்கொண்டபோது கதவு திறந்தது.

மிதுலா வெயிலில் நடந்து வந்திருந்தாள். கையில் காகித உறை. சுகந்தியைப் பார்த்ததும் மறுபடியும் டிவி தொல்லையா என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சுகந்தி இதுவரை அந்த வீட்டில் பார்த்ததில்லை. வக்கீல் நல்ல மாதிரி, அந்த அழைப்புகளைக்கூட ஆதாரமாக வைக்கலாம் என்கிறார் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.

"மிதுலா" என்றார் நாச்சிமுத்து. "நாலாவது தடவ நீ கூப்பிட்டப்போ, கரண்ட் இல்ல. டிவி ஓடல. எனக்கு எல்லாம் கேட்டுது கண்ணு."

அவள் ஒரு செருப்போடு நின்றாள்.

"கேட்டுத்தான் அப்படிச் சொன்னேன்" என்றார் அவர். "மிஷின் பண்ணல. நான் பண்ணேன். டிவியும் நான்தான் போட்டுக்கிட்டேன்."

சுகந்திக்கு அங்கிருந்து போய்விட வேண்டும் போல இருந்தது. ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு மிதுலா நின்றிருந்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எந்த நொடியில் போனது என்று தெரியவில்லை. நேற்றுப் பிடித்துக்கொண்டு அழுத கையை அவள் ஒரு முறை பார்த்தாள். அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? சொல்லுங்க" என்றாள்.

நாச்சிமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அப்பா, நேத்தும் பூட்டிட்டுப் போயிட்டாருன்னு சொன்ன. ஒரு பாட்டில் தண்ணி மட்டும் வெச்சுட்டுப் போனாருன்னு சொன்ன. நான் ஒண்ணும் சண்டை போடலப்பான்னு சொன்ன. அத ரெண்டு தடவ சொன்ன. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்த. அந்தப் பக்கம் ஏதோ வண்டி போச்சு. அப்புறம், எனக்குப் பயமா இருக்குது, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொன்ன. உங்களால வர முடியலைன்னா, முடியலைன்னு சொல்லிருங்க, நானே வந்துக்கறேன்னு சொன்ன."

அவர் நிறுத்தினார். "முடியலைன்னுகூட நான் சொல்லல" என்றார்.

சுகந்தி அந்த அழைப்பை ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் கேட்டிருந்தாள். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மிதுலா இன்னொரு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தாள். உறையை மேசை மீது போட்டாள். நாற்காலியை இழுத்தாள், இந்த முறை அவருக்குப் பக்கத்தில் போடவில்லை, எதிரே போட்டாள்.

"அது போன்ல சொன்னதுதாங்கப்பா. சொல்லாதது இன்னும் இருக்குது. ஒக்காந்து கேளுங்க" என்றாள்.

கையெழுத்தை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று சுகந்தி வெளியே வந்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். உள்ளே மிதுலா தாழ்ந்த குரலில், நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். சுகந்தி இரண்டு படி இறங்கியபோது நாச்சிமுத்துவின் குரல் இடையில் வந்தது.

"அந்த எடம் எனக்குக் கேக்கல கண்ணு. இன்னொருக்காச் சொல்லு."

சுகந்தி படியில் நின்றாள். பிறகு மிதுலா அதை இன்னொரு முறை சொன்னாள்.